அறுபதைத் தாண்டிய பெற்றோர் குளிர்காலத்தில் அரிசோனா பாலைவனத்துக்கு ஆர்.வி.யில் போகலாமா?

கேட்டவரின் நிலைமை சுருக்கமாக இது: அப்பாவுக்கு 67, அம்மாவுக்கு 63. கிரீன் கார்டில் வந்து டெட்ராய்ட் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறார்கள். அப்பா ஆர்.வி. (படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) வீடியோக்களாகப் பார்த்து, ஜனவரியில் மூன்று வாரம், ஐந்து தேசியப் பூங்கா என்று வரைபடம் போட்டு வைத்திருக்கிறார். அவருக்குச் சர்க்கரை உண்டு. அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அனுப்பலாமா, எந்தப் பக்கம் போகச் சொல்வது, வண்டியை வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா என்பதுதான் கேள்வி.

தாராளமாக அனுப்புங்கள். அந்த ஐந்து பூங்கா வரைபடத்தை மட்டும் மடித்து வைத்துவிடச் சொல்லுங்கள். பணி ஓய்வுக்குப் பிறகு நானும் என் மனைவியும் குளிர்காலத்தைப் பாலைவனத்தில்தான் கழிக்கிறோம். அங்கே பழகிய வயதானவர்கள் யாரும் தினமும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. ஓரிடத்தில் பத்து நாள், பதினைந்து நாள் உட்கார்ந்துவிடுவார்கள். பிறகு நூறு மைல் நகர்ந்து அடுத்த இடத்தில் உட்காருவார்கள். கனடாவிலிருந்தும் வடக்கு மாநிலங்களிலிருந்தும் பனிக்குத் தப்பி வரும் இவர்களை ஸ்னோபேர்ட் என்பார்கள். இவர்கள் பல ஆண்டுகளாகக் கண்டுவைத்த வழக்கம் இது. மூன்று வாரத்துக்கு மூன்று இடம் போதும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பூங்காவின் பேரைவிட அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். அரிசோனா என்றாலே வெயில் என்று நினைத்துத்தான் பலர் ஜனவரியில் நேராகக் கிராண்ட் கேன்யன் போகிறார்கள். அதன் தெற்கு விளிம்பு 2,100 மீட்டர் உயரம், பனி கொட்டும். ஃபிளாக்ஸ்டாஃபும் அதே உயரம்தான். யூட்டாவின் பிரைஸ் கேன்யன் இன்னும் மேலே. இவற்றையெல்லாம் மே மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்துக்கு வேண்டியது தாழ்ந்த சொனோரன் பாலைவனம். குவார்ட்ஸைட் சுமார் 270 மீட்டர், யூமா ஐம்பது மீட்டருக்கும் கீழே. ஜனவரியில் அங்கே பகலில் 20 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். வானம் பெரும்பாலும் நீலம். இரவு ஐந்து டிகிரிக்கு இறங்கும், சில இரவுகளில் தண்ணீர் உறையவும் செய்யும். காற்றில் ஈரமில்லாததால் சூரியன் மறைந்த அரை மணியிலேயே சூடு பறந்துவிடும். மதியம் சட்டையோடு உட்கார்ந்தவர் மாலையில் ஸ்வெட்டரும் குல்லாவும் தேடுவார்.

டெட்ராய்ட்டிலிருந்தே ஆர்.வி.யை ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். ஜனவரியில் சாலையில் உறைபனி இருக்கும் என்பது ஒரு காரணம். உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத இன்னொரு காரணமும் உண்டு: வடக்கில் குளிர்காலத்தில் வண்டியின் தண்ணீர்க் குழாய்களை வடித்து, உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை ஊற்றி வைத்திருப்பார்கள். தெற்கே வரும்வரை குழாயும் ஓடாது, குளிக்கவும் முடியாது. வயதானவர்களுக்கு அந்த மூன்று நான்கு நாள் தண்டனை. ஃபீனிக்ஸுக்கு விமானத்தில் வந்து அங்கே வாடகைக்கு எடுக்கட்டும். ஃபீனிக்ஸிலிருந்து குவார்ட்ஸைட் ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கே ஏறக்குறைய 130 மைல். அங்கிருந்து யூமா தெற்கே 80 மைல். யூமாவிலிருந்து கிழக்கே திரும்பி கீலா பெண்ட், ஆஹோ வழியாக ஆர்கன் பைப் காக்டஸ் தேசிய நினைவகம், பிறகு டூசான், மறுபடி ஃபீனிக்ஸ். இது ஒரு முழு வட்டம். எந்த ஒரு நாளும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டியதில்லை. மதியம் இரண்டு மணிக்குள் இடம் சேர்ந்துவிட வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இருட்டில் வண்டியை நிறுத்தி மட்டம் பார்ப்பது இளைஞர்களுக்கே கஷ்டம்.

வண்டி விஷயத்தில் 25 அடி நீளமுள்ள கிளாஸ் சி போதும். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே பரண் மாதிரி துருத்திக்கொண்டிருக்குமே, அந்த வகை. சாதாரண கார் லைசென்ஸே இதற்குச் செல்லும். முன்பதிவு செய்யும்போது எல்லோரும் டி.வி., பக்கவாட்டில் நீட்டி இடத்தைப் பெரிதாக்கும் ஸ்லைடு என்று பார்ப்பார்கள். நீங்கள் படுக்கையைப் பாருங்கள். மூலையில் ஒட்டிய படுக்கை என்றால் சுவரோரம் படுத்தவர் இரவில் கழிவறைக்குப் போக இன்னொருவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். சர்க்கரை உள்ளவர் இரவில் இரண்டு மூன்று முறை எழ வேண்டியிருக்கலாம். இரண்டு பக்கமும் இறங்க வழியுள்ள படுக்கை இருக்கும் வண்டியாகக் கேட்டு வாங்குங்கள். அடுத்தது வாசல் படி. அந்த மடக்குப் படியில் வயதானவர்கள் எளிதில் தடுமாறி விழுந்துவிடலாம். கைப்பிடி உறுதியாக இருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். கீழே வைக்க ஓர் அகலமான பிளாஸ்டிக் படி தனியாக வாங்கிக் கொடுங்கள். கேஸில் ஓடும் பழைய வகை ஃபிரிட்ஜ் என்றால் வண்டி மட்டமாக நின்றால்தான் சரியாகக் குளிர்விக்கும். இன்சுலின் அதில் இருக்கப் போகிறதென்றால் சக்கரத்துக்குக் கீழே கட்டை வைத்து மட்டம் பார்ப்பதைச் சோம்பேறித்தனத்தில் விட்டுவிடக்கூடாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உங்கள் கேள்வியில் "அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தின் பெரிய விஷயமே அதுதான். நம் வீடுகளில் அப்பா வண்டி, அம்மா சமையல் என்று பிரித்துக்கொண்டே நாற்பது வருடம் ஓட்டிவிடுகிறோம். ஊரில் அது செல்லும், ஏனென்றால் கூப்பிட்ட குரலுக்கு அக்கம்பக்கம் ஓடிவரும். பாலைவனத்தில் ஒருவர் சுருண்டு படுத்துவிட்டால் மற்றவர்தான் எல்லாம். கேஸ் சிலிண்டர் வால்வை எப்படி மூடுவது, ஜெனரேட்டரை எப்படிப் போடுவது, தண்ணீர் பம்ப் சுவிட்ச் எங்கே, 911-க்குப் பேசும்போது நிற்கும் இடத்தை எப்படிச் சொல்வது, இதெல்லாம் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அம்மா நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டியதில்லை. ஆனால் ஜி.பி.எஸ். எண்களைப் போனில் பார்த்துச் சொல்லவும், பக்கத்து முகாமின் கதவைத் தட்டி உதவி கேட்கவும் பழகியிருக்க வேண்டும். அதே மாதிரி அப்பா ஒரு ரசம், ஒரு உப்புமா வைக்கத் தெரிந்துகொள்ளட்டும். கிளம்புவதற்கு முன் உங்கள் வீட்டிலேயே இதை ஒத்திகை பாருங்கள்.

முதல் நான்கு நாள் நீங்களோ உங்கள் மனைவியோ கூட இருங்கள். ஃபீனிக்ஸ் பக்கத்தில் மின்சாரம், தண்ணீர், கழிவு மூன்று இணைப்பும் உள்ள ஒரு பார்க்கில் முதல் இரண்டு மூன்று இரவு தங்கட்டும். அதை ஃபுல் ஹூக்கப் என்பார்கள். அங்கே எல்லாவற்றையும் இரண்டு முறை செய்து பார்த்த பிறகு குவார்ட்ஸைட்டுக்கு நகரலாம்.

குவார்ட்ஸைட் என்பது ஐ-10-ம் யு.எஸ். 95-ம் சந்திக்கும் இடத்தில் இருக்கும் சின்ன ஊர். நிரந்தரமாக வாழ்பவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். ஜனவரியில் பார்த்தால் மலையடிவாரம்வரை வெள்ளை வெள்ளையாக வண்டிகள் நிற்கும். சுற்றியுள்ள நிலம் பெரும்பாலும் மத்திய அரசுக்குச் சொந்தம். நில மேலாண்மைத் துறை, அதாவது பி.எல்.எம்., அதைப் பார்த்துக்கொள்கிறது. பிளமோசா சாலை, டோம் ராக் போன்ற இடங்களில் 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். அதைவிட உங்கள் பெற்றோருக்கு ஏற்றது ஊருக்குத் தெற்கே இருக்கும் லா போசா. நீண்ட நாள் தங்குபவர்களுக்கென்று 1983-ல் தொடங்கிய திட்டத்தில் அமைந்த இடம் அது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அதன் பருவம். முழுப் பருவத்துக்கு 180 டாலர், 14 நாளுக்கு 40 டாலர் என்று நெடுங்காலமாக இருந்து வந்த கட்டணம். உயர்த்தும் பேச்சு எழுந்ததால் போகும் சமயத்தில் பி.எல்.எம். தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்தக் காசுக்குக் குடிநீர், குப்பைத் தொட்டி, கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷன் எல்லாம் உண்டு. முகாமைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர்களும் ஓய்வு பெற்றவர்களாகவே இருப்பார்கள். இன்ன இடம் என்று எண் போட்டுத் தரமாட்டார்கள், பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். உள்வழிகள் மண்சாலைதான். ஆகவே மண்சாலையில் ஓட்டுவது பற்றி வாடகை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுத்துமிடம் பார்க்கும்போது ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். மணல் படிந்து, இருபுறமும் மரங்கள் நிற்க, பார்க்க அழகாக ஒரு தாழ்வான பாதை இருக்கும். அது வறண்ட ஓடை, அங்கே வாஷ் என்பார்கள். எங்கோ மலையில் மழை பெய்தால் இங்கே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும். அதில் நிறுத்தவே கூடாது. கூழாங்கற்கள் இறுகி, கருத்துப் பளபளக்கும் மேட்டு நிலம்தான் சரி.

ஜனவரி கடைசியில் அங்கே பெரிய ஆர்.வி. கண்காட்சி நடக்கும், கூடவே ரத்தினக்கல், பாறைச் சந்தைகளும். பொறியியலோ புவியியலோ பிடித்தவர் என்றால் அப்பாவுக்குப் பொழுது போவதே தெரியாது. ஆனால் அந்தப் பத்து நாளும் பெட்ரோல் பங்க், டம்ப் ஸ்டேஷன் எல்லாவற்றிலும் வரிசை நிற்கும். முதல் தடவை போகிறவர்கள் கூட்டம் கலைந்த பிறகு, பிப்ரவரி முதல் வாரத்துக்கு மேல் வருவது நிம்மதி. ஊர் இடுகாட்டில் ஒரு கூம்புக் கல்லறையின் உச்சியில் ஒட்டகம் நிற்கும். அது ஹை ஜாலி என்று இங்கே அழைக்கப்பட்ட ஹாஜி அலியின் நினைவிடம். 1850-களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் சுமை சுமக்க மத்தியத் தரைக்கடல் நாடுகளிலிருந்து ஒட்டகங்களை வாங்கி வந்தது. அவற்றோடு வந்த ஒட்டகக்காரர் அவர். திட்டம் கைவிடப்பட்ட பிறகும் இங்கேயே தங்கி, 1902-ல் இறந்தார். தூரதேசத்திலிருந்து வந்து இந்த மண்ணில் நின்றுவிட்ட ஒருவரின் கல்லறை முன்னால் நம் ஊர்ப் பெரியவர்கள் நிற்கும்போது அவர்களுக்குள் ஏதோ ஓடும், அதை நான் கண்டிருக்கிறேன்.

இனி தண்ணீர். இந்த வகை வண்டிகளில் நல்ல தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் 150 லிட்டர் பிடிக்கும். ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டர் என்று சிக்கனமாக இருந்தால் ஐந்து நாள் வரும். கழிவுக்கு இரண்டு தொட்டி. பாத்திரம் கழுவியது, குளித்தது ஒன்றில் போகும், அது கிரே டேங்க். கழிவறையினுடையது பிளாக் டேங்க். நம்மவர்கள் தண்ணீர் விட்டுக் கழுவுகிறவர்கள் என்பதால் பிளாக் டேங்க் கொஞ்சம் சீக்கிரம் நிரம்பும். நிரம்பினால் நிரம்பட்டும், காகிதத்துக்கு மாறச் சொல்லி அம்மாவைப் படுத்த வேண்டாம். ஒரு சின்னக் குவளை வைத்துக்கொண்டால் அளவாக இருக்கும். காலி செய்யும்போது முதலில் பிளாக், பிறகு கிரே. அப்போதுதான் சோப்புத் தண்ணீர் பின்னால் ஓடிவந்து குழாயைக் கழுவும். ரப்பர் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. எண்ணெய்ப் பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் கிரே டேங்க் நாறாது. வெளியே தரையில் கொட்டுவது விதிமீறல். அரிசி களைந்த தண்ணீரை அப்படியே வைத்துக்கொண்டு முதல் கழுவலுக்குப் பயன்படுத்தலாம்.

சமையலில் குக்கர்தான் கைகொடுக்கும், கேஸும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். தாளிப்பை வண்டிக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம். கடுகு வெடித்து மிளகாய் கருகினால் புகை அலாரம் அலறும், வாடையும் மெத்தையில் ஏறிவிட்டால் லேசில் போகாது. வெளியே ஒரு மடக்கு மேசை, ஒற்றை அடுப்பு, காற்றுக்கு ஒரு தகரத் தடுப்பு போதும். இண்டக்ஷன் அடுப்பு கொண்டுபோகாதீர்கள், மின்இணைப்பு இல்லாத இடத்தில் பேட்டரி அதைத் தாங்காது. இட்லி மாவு இரவுக் குளிரில் பொங்காது, பகலில் முன்கண்ணாடிக்குப் பின்னால் வெயில் விழும் இடத்தில் வைத்தால் பொங்கிவிடும். அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: காற்று அடங்கிய நாளில் காலையில் பிழிந்த வடகம் அந்த வறண்ட காற்றில் எவ்வளவு சீக்கிரம் காய்ந்துவிடுகிறது என்று என் மனைவிக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. மெல்லிய துணி ஒன்றை மேலே போட்டுவிட வேண்டும், தூசு படும்.

மின்சாரத்தில் எல்லோரும் தடுமாறுவது இரவில்தான். ஹீட்டர் எரிவது கேஸில் என்றாலும் சூட்டைத் தள்ளும் விசிறி பேட்டரியில் ஓடுகிறது. ராத்திரி முழுக்க 22 டிகிரியில் வைத்தால் விடியும் முன்பே பேட்டரி தீர்ந்து, குளிர் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் ஹீட்டர் நின்றுபோகும். 15-ல் வைத்துவிட்டுக் கனமான ரஜாய் போர்த்திக்கொள்ளட்டும். கேஸ் அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்கவே கூடாது, கார்பன் மோனாக்ஸைடு ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். அதற்கான அலாரம் வேலை செய்கிறதா என்று சாவி வாங்கும்போதே பொத்தானை அழுத்திப் பாருங்கள். கூரையில் சோலார் இருந்தாலும் முழுசாக நம்ப வேண்டாம். டிசம்பர் கடைசியில் அந்த அட்சரேகையில் நண்பகல் சூரியனே அடிவானத்திலிருந்து 33 டிகிரிதான் ஏறும், படுக்க வைத்த தகட்டில் அது சாய்ந்து விழுந்தால் பாதி சக்திதான் கிடைக்கும். ஜெனரேட்டரை மாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் நல்லது. வண்டியின் பெட்ரோல் கால் தொட்டிக்குக் கீழே போனால் ஜெனரேட்டர் தானாக நின்றுவிடும்படி வைத்திருப்பார்கள். அது பழுதில்லை என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கட்டும்.

யூமாவுக்கு இறங்கும் வழியில் கோஃபா வனவிலங்குச் சரணாலயம் இடதுபுறமாகவே வரும். பெருங்கொம்பு ஆடுகள் வாழும் மலைகள். அந்தச் சாலையில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி உண்டு, ஆர்கன் பைப் பக்கமும் உண்டு. கிரீன் கார்டு அசலைக் கையில் வைத்திருப்பது சட்டப்படியே கட்டாயம், போனில் இருக்கும் படம் போதாது. யூமாவில் குளிர்காலம்தான் விளைச்சல் காலம். அமெரிக்காவின் குளிர்காலக் கீரையில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. மெஜூல் பேரீச்சந்தோப்புகளும் உண்டு. 1927-ல் மொராக்கோவில் நோய் பரவியபோது அங்கிருந்து கொண்டுவந்த பதினொரு கன்றுகளிலிருந்து பெருகிய வம்சம். ஊர் எல்லை தாண்டினால் மெக்ஸிகோவின் லாஸ் அல்கோடோனெஸ். தெருவுக்குத் தெரு பல் மருத்துவர்களும் கண்ணாடிக் கடைகளும் இருக்கும், ஓய்வு பெற்ற அமெரிக்கர்கள் வண்டியை இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்தே போய் வருகிறார்கள். உங்கள் பெற்றோர் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய் வரலாம், மதியத்துக்கு மேல் திரும்பும் வரிசை நீண்டுவிடும். விசிட்டர் விசாவில் இருப்பவர்கள் இதைச் செய்யக் கூடாது. திரும்பி உள்ளே வருவது சிக்கலாகலாம்.

இந்த வட்டத்தில் என் மனம் நிற்கும் இடம் ஆர்கன் பைப்தான். அங்குள்ள ட்வின் பீக்ஸ் முகாமில் 208 இடங்கள் உண்டு, மின்இணைப்பு எதற்கும் கிடையாது. முன்பதிவு அவசியம். இருவருமே 62 தாண்டியவர்கள், நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) உள்ளவர்கள் என்பதால் 80 டாலருக்கு வாழ்நாள் சீனியர் பாஸ் வாங்கலாம். நுழைவுக் கட்டணம் இல்லை, இதுபோன்ற முகாம்களில் பாதிக் கட்டணம். லா போசாவின் கட்டணத்துக்கு மட்டும் அந்தச் சலுகை செல்லாது. கொத்துக் கொத்தாக அடியிலிருந்தே கிளம்பும் ஆர்கன் பைப் கள்ளிக்கு மெக்ஸிகோதான் தாய்வீடு, அமெரிக்காவில் அதை இவ்வளவாகக் காண்பது இங்கே மட்டும்தான். நடுநடுவே சகுவாரோ நிற்கும். அது முதல் கை விடவே எழுபது வருடத்துக்கு மேல் எடுக்கலாம், வறண்ட பக்கங்களில் இன்னும் அதிகம். உங்கள் அப்பா வயதுள்ள சகுவாரோ அங்கே இன்னும் ஒற்றைத் தூணாகத்தான் நின்றுகொண்டிருக்கும். நீண்ட உறைபனியை அது தாங்காது என்பதால், பெரிய சகுவாரோக்கள் அடர்ந்த சரிவு குளிர் குறைந்த சரிவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரவு ஒன்பது, பத்து மணி வாக்கில் தெற்கே மலை மறைக்காத இடமாகப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும் அகத்திய நட்சத்திரம் அடிவானத்துக்கு நான்கைந்து டிகிரி மேலே, கொஞ்சம் சிவந்து தெரியும். டெட்ராய்ட்டில் அது உதிப்பதே இல்லை. தமிழ்நாட்டில் நல்ல உயரத்தில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதை அங்கே அடையாளம் கண்டுகொள்வதே ஒரு கொண்டாட்டம்.

உடல்நிலை பற்றி நேராகச் சொல்கிறேன். சர்க்கரை உள்ளவருக்குப் பாலைவனத்தில் முதல் எதிரி முள். சோயா (Cholla) என்ற கள்ளி லேசாக உரசினாலே முள்ளுருண்டையாகக் கழன்று ஒட்டிக்கொள்ளும். கால் மரத்திருந்தால் குத்தியதே தெரியாமல் புண்ணாகும். வண்டியை விட்டு இறங்கினால் மூடிய ஷூ, வாசல் நாற்காலியில் உட்காரக்கூடச் செருப்பு வேண்டாம். தினமும் இரவு அம்மா டார்ச் அடித்துப் பாதத்தைப் பார்க்கட்டும். ஒட்டிய முள்ளுருண்டையைக் கையால் பிடுங்காமல் சீப்பைக் கொடுத்து நெம்ப வேண்டும். அடுத்தது வேலி ஃபீவர். அரிசோனா மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சை புழுதியோடு மூச்சில் போய் நுரையீரலைத் தாக்கும். அறுபது தாண்டியவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அது கடுமையாகலாம். புழுதிக் காற்று அடிக்கும்போது கதவை மூடிக்கொண்டு உள்ளேயே இருக்கட்டும். ஊர் திரும்பி வாரக்கணக்கில் இருமலும் காய்ச்சலும் அசதியும் விடாமல் இருந்தால், மிச்சிகன் மருத்துவரிடம் "அரிசோனாவில் இருந்தோம்" என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் சாதாரண நிமோனியா என்றே நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

குவார்ட்ஸைட்டில் மருத்துவமனை கிடையாது. பார்க்கருக்கு 35 மைல் போக வேண்டும், பெரிய மருத்துவமனை என்றால் யூமா. காப்பீடு உங்கள் மாநிலத்துக்குள் மட்டும் செல்லும் எச்.எம்.ஓ. என்றால் வெளியூரில் அவசரச் சிகிச்சைக்கு மட்டும்தான் பணம் தருவார்கள், கிளம்பும் முன் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரைகளைத் தங்கும் நாளைவிட இரண்டு வாரம் கூடுதலாகக் கொடுத்து அனுப்புங்கள். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்க வேண்டும். குளிர்ந்த வறண்ட காற்றில் வியர்வை தெரியாது, உடல் வற்றிக்கொண்டே இருக்கும். கொலராடோ ஆற்றோரம் தங்கினால் போன் ஒரு நிமிடம் அரிசோனா நேரம், மறு நிமிடம் ஒரு மணி நேரம் பின்தங்கிய கலிபோர்னியா நேரம் காட்டும். இன்சுலின் நேரத்துக்குக் கைக்கடிகாரத்தை நம்பட்டும்.

ஓட்டும்போது புழுதிப் புயல் சூழ்ந்தால் சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி, விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதைச் சாலை என்று நினைத்து வந்து மோதுவார். பலத்த காற்று எச்சரிக்கை வந்த நாளில் இந்த உயரமான வண்டியைக் கிளப்பவே வேண்டாம். நிழல் கூடாரத் துணியை, அதாவது ஆனிங்கை, இரவு படுக்கும் முன் தவறாமல் சுருட்டிவிட வேண்டும், ஒரு காற்றில் கிழிந்தால் ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும். ஒரே இடத்தில் நாட்கணக்கில் நின்றால் பேக்ராட் என்னும் எலி எஞ்சினுக்குள் கூடு கட்டி ஒயரைக் கடிக்கும். அதைத் தடுக்க எஞ்சின் மூடியைத் திறந்து வைப்பார்கள், வெளிச்சம் அதற்குப் பிடிக்காது.

இவ்வளவு எச்சரிக்கையையும் படித்துவிட்டு, எதற்கு வம்பு, வீட்டிலேயே இருக்கட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். குளிர்காலம் முழுக்க ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதும் உடலைத் தின்கிறது. பிள்ளைகள் வேலைக்குப் போனபின் பேச ஆளில்லாமல் இருப்பது மனதையும் தின்கிறது. பாலைவன முகாமில் காலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாலே யாராவது காபிக் கோப்பையோடு நடந்து வந்து எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார்கள். ஆல்பர்ட்டா விவசாயி, ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை, லாரி ஓட்டியவர் என்று எல்லோரும் அதே வயது, அதே முட்டி வலி. அம்மாவின் ஆங்கிலம் போதுமா என்று கவலைப்பட வேண்டாம். ஒரு தட்டு பஜ்ஜி பக்கத்து வண்டிக்குப் போனால் பேச்சு தானாக வளரும். மகன் வீட்டில் விருந்தாளி மாதிரி இருந்த பெற்றோர், தாங்களே தண்ணீர் பிடித்து, தாங்களே வழி கேட்டு, தங்கள் நாளைத் தாங்களே நடத்துகிறார்கள் என்பது சின்ன விஷயமில்லை.

இருவருக்கும் நடுவே உரசல் வரும். இருநூறு சதுர அடி இடத்தில், மழை பெய்தால் வெளியேயும் போக முடியாது. தினமும் காலையில் ஆளுக்கு இரண்டு மணி நேரம் தனித்தனியாக இருப்பது என்று வைத்துக்கொள்ளட்டும். ஒருவர் நடக்கப் போகட்டும், ஒருவர் வெளியே உட்கார்ந்து புத்தகம் படிக்கட்டும். எங்களுக்கு அதுதான் உதவுகிறது.

வாங்குவதா, வாடகையா என்றால், முதல் இரண்டு குளிர்காலம் வாடகைதான். நாள் வாடகை, மைல் கணக்கு, ஜெனரேட்டர் மணிக் கணக்கு, காப்பீடு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் தொகை பெரிதாகத் தெரியும். ஆனால் வாங்கினால் டெட்ராய்ட் குளிரில் வருடத்துக்குப் பத்து மாதம் நிறுத்தி வைக்க இடமும் பராமரிப்பும் வேண்டும், விலையும் இறங்கிக்கொண்டே போகும். அப்பாவுக்கு ஓட்டுவதில் தயக்கம் இருந்தால் இன்னொரு வழி உண்டு: தனிநபர் உரிமையாளர்கள் சிலர் டிரெய்லரைத் தாங்களே இழுத்துவந்து, முகாமில் மட்டம் பார்த்து நிறுத்தி, முடிந்ததும் வந்து எடுத்துச் செல்வார்கள். பெற்றோர் ஒரு சாதாரண வாடகைக் காரை வைத்துக்கொண்டு சுற்றலாம். 67 வயதில் முதல் முறை போகிறவருக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். பிப்ரவரி 5 வாக்கில் ஃபீனிக்ஸ் வந்து 26-க்குள் திரும்பும்படி டிக்கெட் போடுங்கள். டிரெய்லர் உரிமையாளரிடம் இரண்டு பக்கமும் இறங்கும் படுக்கை, உறுதியான கைப்பிடி, வேலை செய்யும் அலாரம் மூன்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு முன்பணம் கட்டுங்கள்.